நாலு, ஒண்ணு, ரெண்டு, ஏழு

ஜூன் 3, திங்கள்

எங்கள் ஆபீஸ் அருண்பிரசாத் கனடா போய்விட்டான். போகிறவன் சும்மா போகவில்லை. நாலு வருஷமாக எழுதிய அத்தனை புரோகிராம் கோடையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். இன்று காலைதான் பிரித்துப் பார்த்தேன். அப்போது ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் எட்டு மாதமாகத் தொடாத இந்த டைரியை எடுத்திருக்கிறேன். ஆபீஸில் கத்தினால் கலாமணிக்கு வேறு வேலை இல்லை என்பார்கள்.

எங்கள் ஆபீஸில் மொத்தம் பதினாலு பேர். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். அதில் ஒன்று 'குரல் பெட்டி'. தையல்காரர், செக்கிங் பெண்கள் என்று யார் வேண்டுமானாலும் செல்போனில் திறந்து, கம்பெனி கொடுத்த டோக்கன் நம்பரும் பாஸ்வேர்டும் போட்டு, குறையை எழுதலாம். குறை நிர்வாகத்துக்குப் போகும்; எழுதியது யார் என்பது போகாது. இப்படி ஒன்று இருந்தால்தான் வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுப்பான். ஒரு பெரிய கம்பெனி இதை வாங்கிப் போட்டிருக்கிறது. நாலாயிரத்துச் சொச்சம் பேர் வேலை செய்கிற இடம்.

உள்ளே என்ன லட்சணம் என்றால், பாஸ்வேர்டை யாராலும் திருப்பி எடுக்க முடியாதபடி ஹாஷ் செய்து வைக்க வேண்டும். இவன் திருப்பி எடுக்கிற மாதிரி என்கிரிப்ட் செய்து வைத்திருக்கிறான். மறந்துபோனவர்களுக்குப் போனில் சொல்வதற்காகவாம். சரி, திறக்கிற சாவியையாவது எங்காவது ஒளித்து வைத்தானா? கோடுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறான். சாவி என்ன தெரியுமா? எங்கள் கம்பெனி பெயர், பக்கத்தில் 123. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை.

பாஸ்வேர்டை ஹாஷ் செய்யாதவன், செய்யக் கூடாத இடத்தில் செய்திருக்கிறான். ஒவ்வொரு புகாரோடும் எழுதியவரின் டோக்கன் நம்பர் ஹாஷ் ஆகி உட்கார்ந்திருக்கிறது. பார்க்க முப்பத்திரண்டு எழுத்து, பயங்கரமாக இருக்கும். டோக்கன் நம்பர் எத்தனை இலக்கம்? நாலு.

பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில், "உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. பயப்படாமல் எழுதுங்கள்." வாய் கூசாமல் எழுதியிருக்கிறது.

குக்கர் கேஸ்கட் போய்விட்டது. வாங்க மறந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

ஈஸ்வரமூர்த்தி சாரிடம் சொன்னேன். எங்கள் முதலாளி. கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு விஷயம் உடையும்வரை அது நன்றாக இருக்கிறது என்று நம்புகிறவர்.

"நாலு வருசமா ஒண்ணும் ஆகல. இப்ப என்னம்மா திடீர்னு?"

"சார், வெள்ளிக்கிழமை அந்தப் பெரிய கம்பெனி எச்.ஆர் தனசேகர் கேட்ட ஃபைல் போகுது. எல்லாப் புகாரும், பக்கத்துல அந்த ஹாஷும். யார் திரும்பத் திரும்ப எழுதறாங்கன்னு எண்ணிப் பாக்கணுமாம்."

"ஹாஷ் பண்ணியிருக்குதல்ல? அப்பறமென்ன? மாவு மாதிரின்னு அருணு சொன்னானே. அரைச்சா அரைச்சதுதான், திரும்ப அரிசியாகாதுன்னு."

மாவு மாதிரிதான். ஆனால் உலகத்தில் இருப்பதே பத்தாயிரம் அரிசி என்றால்? ஒவ்வொன்றாக அரைத்து, எந்த மாவு இந்த மாவு என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டியதுதானே. 0000 முதல் 9999 வரை. கம்ப்யூட்டருக்கு அது கண் சிமிட்டுகிற நேரம். உப்புகூடப் போடவில்லை (எங்கள் தொழிலில் நிஜமாகவே அப்படித்தான் சொல்வோம், ஹாஷ் செய்யும் முன் கூடச் சேர்க்கிற ஒரு கலப்பு). போட்டிருந்தாலும் பத்தாயிரம் நம்பருக்கு அது எம்மாத்திரம்.

இவ்வளவும் சொன்னேன். அவர் தேங்காய் பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "யாரு கலாமணி உக்காந்து அதையெல்லாம் பண்ணப் போறாங்க? அத்தன வெட்டியா இருக்கறவன் யாரு?" என்றார்.

எனக்கு எங்கே பற்றிக்கொண்டது என்றால், சாவிதான் கதவில் தொங்குகிறதே, சில புகார்களைத் திறந்து பார்த்திருந்தேன். படிக்கக் கூடாதுதான். படித்தேன். கடைசியாக வந்தது ஞாயிற்றுக்கிழமை எழுதியது: "ஆறாம் தையல் லைன் சூப்பர்வைசர், நாங்க பாத்ரூம் போனா பின்னாடியே வந்து கதவ தட்டுறாரு. உள்ள என்ன செய்றேன்னு கேக்காரு. வயசுப் பிள்ளைக அழுதுட்டு வருது. தயவு செஞ்சு யாராவது கேளுங்க."

இதை எழுதியவளுடைய நம்பரை வெள்ளிக்கிழமை தட்டில் வைத்து நீட்டப் போகிறோம். சார் பன் சாப்பிடுகிறார்.

"நாளைக்கு ஆன்லைன் மீட்டிங்குல தனசேகர்கிட்டயே சொல்லு. அவருக்கு வேண்டாம்னா அனுப்ப வேண்டாம்" என்றார். சொல்கிறேன். நன்றாகவே சொல்கிறேன்.

ஜூன் 5, புதன்

காட்டிவிட்டேன்.

வாயால் சொன்னால் இவர்களுக்கு ஏறாது என்று, மீட்டிங்கில் என் ஸ்க்ரீனைத் திறந்து செய்தே காட்டினேன். பத்து வரி புரோகிராம். ஏதோ ஒரு புகாரை எடுத்து, அதன் ஹாஷைப் போட்டு, ஓட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. நாலு இலக்கம் வந்து நின்றது. சாருக்கு முகம் வெளிறிப்போனது. தனசேகர் வாயடைத்துப் போனார். ஃபைலே வேண்டாம் மேடம் என்று சொல்லிவிட்டார். எத்தனை வருஷமாக இந்த ஆபீஸில் கரடியாய்க் கத்துகிறேன், இன்றுதான் ஒருத்தர் வாயை மூட வைத்தேன்.

பெயரை நான் காட்டவில்லை. நம்பர்தான். பெயர் எங்களிடம் கிடையவே கிடையாது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தையல் மிஷின் மெக்கானிக்; ஊரில் பாதிக் கம்பெனிக்குள் போய் வருகிறவர். கேட்டுவிட்டு, "ஏம்புள்ள, கம்பெனிக்குள்ள பேரு யாருக்குத் தெரியும்? நம்பருதான் பேரு. சூப்பர்வைசரே 'ஏய் முப்பத்தெட்டு பத்து, இங்க வா'ன்னுதான் கூப்புடுவான்" என்றார்.

நல்ல நேரத்தில் இப்படி ஏதாவது சொல்வார். இவருக்குப் புரோகிராம் பற்றி என்ன தெரியும்.

ஜூன் 6, வியாழன்

கேஸ்கட் வாங்கினேன். மகள் இனியாவின் நோட்டுகளுக்கு அட்டை போட்டேன், பதினெட்டு நோட்டு. பெயர், வகுப்பு, பிரிவு. கை வலிக்கிறது.

ஃபைல் போகாது என்று சார் மெயில் போட்டுவிட்டார். எல்லாவற்றையும் திருத்த எனக்கு இரண்டு வாரம். இந்த ஆபீஸில் ஒருத்திக்காவது முதுகெலும்பு இருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 7, வெள்ளி

ஆறாம் லைன் புகார், "தீர்க்கப்பட்டது" என்று மாறியிருக்கிறது. யாரை விசாரித்தார்கள், எப்போது விசாரித்தார்கள்? கேன்டீன் சாம்பாரில் உப்பில்லை என்ற புகார் மூன்று மாதமாகத் திறந்தே கிடக்கிறது. இது மட்டும் ஐந்தே நாளில் தீர்ந்துவிட்டதாம். அக்கிரமம்.

ஜூன் 8, சனி

உள்நுழைய முடியாதவர்கள் கூப்பிடுகிற உதவி எண் இப்போது என் மேஜையில் அடிக்கிறது. அதுவும் அருணின் சொத்து. மதியம் ஒரு பெண் கூப்பிட்டாள். தெற்கத்திப் பேச்சு.

"யக்கா, பெட்டிக்குள்ள போவ முடியல. இந்த எண் செயலில் இல்லைன்னு வருது."

"டோக்கன் நம்பர் சொல்லும்மா."

"நாலு, ஒண்ணு, ரெண்டு, ஏழு."

பார்த்தேன். வேலையில் இருப்பவர் பட்டியலிலிருந்து வியாழக்கிழமை காலை எடுத்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாதவர் உள்ளே போக முடியாது. சிஸ்டம் சரியாகத்தான் வேலை செய்கிறது.

"எச்.ஆர்ல கேளுங்கம்மா" என்றேன். அவள் சரிக்கா என்று வைத்துவிட்டாள்.

ஜூன் மாதம் நிறையப் பேர் வேலையை விட்டு ஊருக்குப் போவார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் சேர்ப்பது, கோயில் கொடை என்று ஆயிரம் இருக்கும்.

ஜூன் 9, ஞாயிறு

எட்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. டிரம், குடம், அண்டா, இனியாவின் பக்கெட் வரை நிரப்பினேன். நிரம்பி வழிந்ததை நிறுத்தாமல் நின்றிருக்கிறேன். வீட்டுக்காரர் வந்துதான் குழாயை மூடினார்.

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இனியாவை விட்டுவிட்டு நேராக சாரின் அறைக்குப் போனேன். உட்காரவில்லை.

"சார், புதன்கிழமை நாம காட்டின நம்பரை வேலைய விட்டு எடுத்துட்டாங்க. அந்தத் தனசேகர் என்ன மனுஷன்? புகாரை மூடிட்டு, சொன்னவளை வெளிய தள்ளியிருக்கான். நாம சும்மா இருக்கப் போறோமா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "நாம காட்டுனமா? ஏம்மா கலாமணி, நானா காட்டுனேன்?"

கோடு எழுதியவன் கனடாவில். காசு வாங்கியவர் நாற்காலியில். ஆளைத் தூக்கியவன் ஏசி அறையில். இத்தனை பேர் இருக்க, எச்சரித்த ஒருத்தியைப் பார்த்து எப்படிக் கேட்கிறார் பாருங்கள். என்ன நெஞ்சழுத்தம். நான் சொல்லியிருக்காவிட்டால் வெள்ளிக்கிழமை எல்லோருடைய நம்பரும் போயிருக்குமே. ஒரு நம்பரோடு போனது என்று

இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

மீட்டிங் தானாகவே பதிவாகும். அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன்.

ஐந்தாம் தேதி "ஏதோ ஒரு புகார்" என்று எழுதியிருக்கிறேன். பொய். ஆறாம் லைன் புகாரைத்தான் எடுத்தேன். முதல் நாளிலிருந்தே அது என்னை அறுத்துக்கொண்டிருந்தது. அதையே அவர்கள் முகத்தில் வீச வேண்டும் என்றிருந்தது. சோதனைக்கு என்று பொய்யாக ஒரு நம்பரைப் போட்டுக் காட்டியிருக்கலாம். முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், நிஜ ஆள் விவரத்தை வைத்துச் சோதிக்கக் கூடாது என்று. பன்னிரண்டு வருஷ அனுபவக்காரி நான்.

"தனசேகர் வாயடைத்துப் போனார்" என்றும் எழுதியிருக்கிறேன். அதுவும் பொய். பதிவில் பத்தொன்பதாவது நிமிஷம் அவர் குரல் தெளிவாகக் கேட்கிறது. "மேடம், சரியாக் கேக்கல. அந்த நம்பரை இன்னொருக்கா சொல்லுங்க."

அதற்கு நான், என் குரல், எவ்வளவு பெருமை அந்தக் குரலில், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். "நாலு. ஒண்ணு. ரெண்டு. ஏழு."

அருணைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. அவன் அரைத்துத்தான் வைத்தான். எடுத்து, புடைத்து, கையில் கொடுத்தது நான்.

ஜூன் 12, புதன்

சனிக்கிழமை வந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். கம்பெனி ஹாஸ்டல் பக்கத்து பேக்கரியில் சந்தித்தோம். பெயர் முத்துப்பேச்சி. சங்கரன்கோவில் பக்கம். இருபத்து மூன்று வயது இருக்கும். டீயைத் தொடவே இல்லை.

"அட்டெண்டன்ஸ் சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டாவக்கா. நாலு வருசத்துல நான் லீவு போட்டதே பதினோரு நாளு. ஹாஸ்டல் அவியளோடதுதான். வர்ற சனிக்கெழம காலி பண்ணச் சொல்லுதாவ."

"ஊருக்குப் போயிடுவியா?"

"எப்படிக்கா போவேன்? தங்கச்சி மாரித்தாய் உள்ள இருக்கா, அதே ஆறாம் லைன்ல. அந்தாளு கதவத் தட்டுனது எனக்கில்ல, அவளுக்கு. அவ பயந்து எழுத மாட்டேன்னுட்டா. நான்தான் எழுதுனேன். இப்ப அவ ஒத்தையில இருக்கா. வேலைய விட்டு வான்னு கூப்புட்டா, கையெழுத்துப் போட்ட மூணு வருச ஒப்பந்தம் இன்னும் முடியலைங்கா."

"சனிக்கிழமை எதுக்கு உள்ள போகப் பாத்தே?"

"என்னிய நிறுத்திட்டாவன்னு அந்தப் பெட்டியிலயே எழுதலாம்னுதான்."

நான் அவளை எச்.ஆரிடம் அனுப்பியிருக்கிறேன். தனசேகரிடமே.

பிறகு அவள் கேட்டாள், கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல. "யாருக்கும் தெரியாது, பயப்படாம எழுதுங்கன்னு போட்டிருந்துச்சேக்கா. அத நம்பித்தான் எழுதுனேன். அத எழுதுனது யாருக்கா?"

மூன்றாம் தேதி, வாய் கூசாமல் எழுதியிருக்கிறது என்று இதே டைரியில் எழுதினேன். யார் எழுதியது என்று எழுதவில்லை. நாலு வருஷத்துக்கு முன்பு, பெட்டி தயாரானபோது, தமிழில் எளிமையாக இரண்டு வாக்கியம் வேண்டும் என்று சார் கேட்டார். ஆபீஸில் நல்ல தமிழ் கலாமணிக்குத்தான் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பூரித்துப்போய் எழுதிக் கொடுத்தேன். உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான்தான்" என்றேன். மீதியையும் சொன்னேன். மீட்டிங், நம்பர், இரண்டு தடவை சொன்னது, எல்லாம்.

அவள் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "சனிக்கெழமைக்குள்ள ஏதாச்சும் செய்ய முடியுமாக்கா" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 13, வியாழன்

ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்குத் திருப்பூரிலேயே ஒரு ஆபீஸ் இருக்கிறது. தொழிலாளர் குறைகளைக் கேட்க அங்கே ஒரு பிரிவும் உண்டு. கடிதம் எழுதினேன். முத்துப்பேச்சி சம்மதத்தோடு அவள் நம்பர், பட்டியலிலிருந்து எடுத்த தேதி, புகாரை மூடிய தேதி. கூடவே மீட்டிங் பதிவு. அட்டெண்டன்ஸ் சரியில்லை என்று தனசேகர் ஆயிரம் காகிதம் காட்டுவார். அவருக்கு ஆள் தெரியும் என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி, பத்தொன்பதாவது நிமிஷத்தில் என் குரல்தான்.

அனுப்புவதற்கு முன் சாரிடம் காட்டினேன். திருட்டுத்தனமாகச் செய்ய மனம் வரவில்லை.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இந்த லெட்டர் போச்சுன்னா அந்தக் கம்பெனி நம்மள விட்டுரும். ஒரு புள்ளைக்காகப் பதினாலு குடும்பம் தெருவுக்கு வரணுமா? உம் பேரும்தான் கெடும். யோசிச்சியா?"

"அந்தப் புள்ளை நாம எழுதினதை நம்பினா சார்."

"எல்லாக் கம்பெனியிலயும் இப்படித்தாம்மா இருக்குது."

"அதைத்தான் சார் என்னால தாங்க முடியல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முன்னாலேயே அனுப்பினேன்.

ஜூன் 14, வெள்ளி

வெளிநாட்டுக் கம்பெனி ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஒரு அம்மாவும் ஒரு இளம் வக்கீலும். பதிவை என் முன்னாலேயே போட்டார்கள். என் குரலை மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. அந்த அம்மா, "நீங்க உங்களையே மாட்டிவிட்டிருக்கீங்க, தெரியுதுங்களா?" என்றார். தெரியும் என்றேன். இங்கே முடித்துவிட்டுத் தனசேகரிடம் போனார்கள்.

இனியாவுக்கு ரசம் சாதம்.

ஜூன் 15, சனி

காலை பதினொன்றுக்கு முத்துப்பேச்சி கூப்பிட்டாள். பெட்டியைக் கட்டி ஹாஸ்டல் வாசலில் வைத்திருந்தாளாம். வார்டன் வந்து, மறுபடி உள்ளே கொண்டு போ என்றாளாம். திங்கட்கிழமை முதல் வேலை. சூப்பர்வைசரை விசாரணை முடியும்வரை உள்ளே விடக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

"தங்கச்சி எங் கையப் புடிச்சவ விடவே இல்லக்கா" என்றாள்.

சார் மதியம் கூப்பிட்டார். கம்பெனி நம்மை விடவில்லை, ஒரு மாதத்தில் எல்லாம் சரியாக வேண்டும் என்று எச்சரித்திருக்கிறார்கள் என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "இத முடிச்சுக் குடுத்துட்டு நீ வேற எடம் பாத்துக்கம்மா" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு முதல் தடவையாக.

ஜூன் 26, புதன்

முடிந்தது. சாவி கோடுக்குள் இல்லை. பாஸ்வேர்டை இனி நானே நினைத்தாலும் பார்க்க முடியாது. மறந்தால் புதிதாகத்தான் வைக்க வேண்டும். டோக்கன் நம்பர் புகாரோடு சேர்வதே இல்லை, ஹாஷாகவும் இல்லை. எழுதி முடித்ததும், புகார் என்ன ஆனது என்று பார்க்க ஒரு சீட்டு எண் வரும், அது எழுதியவள் கையில் மட்டும். பழைய ஹாஷ் எல்லாவற்றையும் அழித்தேன். இந்தத் தடவை பொய் நம்பர்களை வைத்துத்தான் சோதித்தேன்.

மேலே இருந்த அந்த இரண்டு வாக்கியத்துக்குத்தான் அரை நாள் ஆனது. "யாருக்கும் தெரியாது" என்று இனி என்னால் எழுத முடியாது. கடைசியில் இப்படி எழுதினேன்: "உங்கள் டோக்கன் நம்பரை இந்தப் பெட்டி வைத்துக்கொள்ளாது. ஆனால் நீங்கள் எழுதுகிற விவரத்தை வைத்து யாராவது ஊகிக்கலாம். யோசித்து எழுதுங்கள்." அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன். சாரிடம் கேட்கவில்லை.

மாலை முத்துப்பேச்சி கூப்பிட்டாள். மாரித்தாய் பக்கத்திலேயே இருந்தாள் போல, மூச்சுச் சத்தம் கேட்டது.

"யக்கா, விசாரணைக்கு இவளும் எழுதணுமாம். பெட்டியத் தொறந்தோம். பழைய எழுத்து இல்லியே."

"எடுத்துட்டேன்."

"கீழ என்னமோ போட்டிருக்குக்கா. இதைச் செய்தவர் கலாமணின்னு. செல் நம்பரும் இருக்கு." வாசித்துவிட்டுச் சொன்னாள். "உங்க பேரு எல்லாருக்கும் தெரியுமேக்கா."

"தெரியட்டும்" என்றேன். "அவளை எழுதச் சொல்லு."